பள்ளியைத் திறப்பதும் நிவாரணம்தான்
வெள்ளம் வடிந்த முதல் சில வாரங்களுக்குக் குழந்தைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் போர்வையும் போதும், படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெள்ள நிவாரணம் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டி மித்தி நதி கரை மீறியபோது நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். நான்காம் வகுப்பு படித்த என் மகனின் பைக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து, நோட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டது. அரிசியும் பருப்பும் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் தூறல் விழுந்தாலே பிள்ளை பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், இறங்கச் சொன்னால் அழுவான். பள்ளி திறந்து, டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்துப் புது நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடவே ஆரம்பித்தான். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ, பள்ளி மூடினால் மதியச் சாப்பாடும் போச்சு. அந்த ஆகஸ்டில் மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியது. எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, யார் வரவில்லை என்று தினமும் பார்க்க வகுப்பறையை விட்டால் வேறு இடம் ஏது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பள்ளிக் கட்டடம் இல்லாமல் நிவாரண முகாம் எங்கே நடத்துவது என்று கேட்டிருக்கிறார். சரி, முதல் இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கட்டும். அதற்குள் கல்யாண மண்டபம், சங்கக் கட்டடம் எனப் பார்த்துக் குடும்பங்களை மாற்றிவிட்டு, இரண்டு வகுப்பறையையாவது கழுவிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.