யாரை யார் கேலி செய்யலாம்?
அலுவலகத்தில் சேர்ந்து சிரித்தால் பதவியில் மேல், கீழ் என்பது மறைந்துவிடும் என்கிறது சிரிப்பைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க மனநல மருத்துவமனை ஒன்றின் ஊழியர் கூட்டங்களைக் கவனித்து சமூகவியலாளர் ரோஸ் கோசர் 1960-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதிகம் ஜோக் அடித்தவர்கள் மூத்த மருத்துவர்கள், அதுவும் பெரும்பாலும் இளையவர்களை வைத்து. இளையவர்களோ நோயாளிகளையும் தங்களையுமே கேலி செய்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மூத்தவரை இளையவர் ஒருவரும் கேலி செய்யவில்லை!

விலங்குகளின் விளையாட்டிலிருந்து சிரிப்பு பரிணமித்தது என்ற கட்டுரையின் பகுதி சரி. ஆனால் பெரிய சிம்பன்சி குட்டியோடு விளையாடும்போது தன் பலத்தை அடக்கிக்கொள்கிறது, அதனால்தான் குட்டியும் சிரிக்கிறது. அலுவலகத்தில் அப்படி அடக்கிக்கொள்ளும் மேலதிகாரிகள் எத்தனை பேர்? மேலதிகாரியின் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க கீழே இருப்பவரால் முடியுமா என்பதைத்தான் கட்டுரை முதலில் கேட்டிருக்க வேண்டும்.