டிக்கியா, சனியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய மெர்சிடிஸ் 123 கார் வைத்திருப்பவனுக்குச் சனி வேறெங்கும் இல்லை, டிக்கிப் பூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. 1976இல் வந்த மாடல், நம்ம நாட்டு ஈஸ்ட் லண்டன் ஊர்த் தொழிற்சாலையிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி, இன்ஜின் இன்றைக்கும் முனகுவதில்லை. ஆனால் கையளவு கொண்டி உயிரை வாங்குகிறது. போல்ட்டைத் தளர்த்திக் கொக்கியை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் பூட்டவே மாட்டேன் என்கிறது, ஏற்றினால் பூட்டிவிட்டு வழியெல்லாம் கடகடவென்று ஆடுகிறது, சரி நடுவில் வைப்போம் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே முடுக்கினால் கடைசிச் சுற்றில் சனியன் தானாக நகர்ந்துவிடுகிறது. யாருக்கய்யா இவ்வளவு பொறுமை?

டிக்கி மூடி ஓரத்துக்குப் புது ரப்பர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகுமா? புது ரப்பர் தடிமன், அது மூடியை மேலே தள்ள, திரும்பவும் முதலிலிருந்து! கடல்காற்றில் ஸ்பிரிங்கில் துரு வேறு, எண்ணெய் விட்டால் அந்தப் பிசுக்கில் மண் ஒட்டுகிறது. காவடிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்குப் போனால் அங்கேயும் ஆளுக்கொரு யோசனை. "ஓங்கிச் சாத்துங்க அண்ணா." ஓங்கிச் சாத்தினால் பூட்டும்தான் தம்பி, அப்புறம் திறக்க உங்க அப்பாவா வருவார்?