ஒரு பேய் கேம் நிம்மதியா விளையாட விடுறாங்களா?

கொழும்பு வெள்ளவத்தை பிளாட்ல இருந்துகொண்டு ஹொரர் கேம் விளையாடவே ஏலாது மச்சான். சைலண்ட் ஹில் 2 எண்டா காதுதான் முக்கியம், ஏதும் கிட்ட வந்தா கேமுக்குள்ள கொண்டுதிரியிற ரேடியோ கரகரக்கும், அதைக் கேக்கிறதுக்குத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு பனிப்புகாருக்குள்ள நடக்கிறது, சரியா அந்த நேரம் பாத்து கீழ பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ பீத்தோவன்ர டியூனைப் போட்டுக்கொண்டு வரும், அம்மா குசினியில இருந்து "தம்பி, ஓடிப்போய் ரெண்டு மாலு பணிஸ் வாங்கு" எண்டுவா. ஹெட்போன் போட்டா வந்து லைட்டைப் போடுவா, இருட்டில பாத்தா கண் பழுதாப் போகுமாம்.

பக்கத்தில குந்தியிருக்கிற சித்தப்பான்ர மகன் வேற, "என்னண்ணா ஒரே புகாரா இருக்கு, கிராபிக்ஸ் சரியில்ல" எண்டுறான். டேய், 1999ல முதல் பார்ட் வரேக்க பழைய பிளேஸ்டேஷனால தூரத்தைக் காட்டேலாது, அதை மறைக்கத்தான் புகாரைப் போட்டவங்கள், பிறகு கேமில வாற அந்த சைலண்ட் ஹில் ஊருக்கே அதுதான் அடையாளமாப் போச்சு. சொன்னா விளங்கினாத்தானே.

தியேட்டர் அதைவிட மோசம். கதவு மெதுவாத் திறக்குது, டக்கெண்டு இன்டர்வெல் லைட்! பொப்கோர்னோட திரும்பி வந்து இருந்தா பயம் எங்கயிருந்து வரும்? முன்சீட்டில ஒருத்தர் போனை முழு வெளிச்சத்தில வச்சு வட்ஸ்அப் பாக்கிறார், பின்னால ஒரு செட் பயத்தை மறைக்க கெக்கட்டம் விட்டுச் சிரிக்குது.

சரி, ராத்திரி ஒரு மணிக்கு விளையாடுவம் எண்டு இருந்தா, மேல் வீட்டுக்காரர் அப்பதான் கதிரை இழுக்கத் தொடங்குவினம்.