ஆறு கால் வைத்தால் அது கரப்பான் ஆகிவிடாது

சேலத்துப் பொறியியல் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் கண்காட்சி என்றால் ஆறுகால் ரோபோ ஒன்றாவது மேசையேறிவிடும். காலுக்கு மூன்று வீதம் 18 சர்வோ மோட்டார், நடுவில் அவற்றை ஆட்டிவைக்க ஓர் ஆர்டுயினோ போர்டு. வழுவழு டைல்ஸில் நாலடி நடக்கும், கைதட்டல் விழும். அதையே ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சருகில் இறக்கிவிடுங்கள், முதல் வேரிலேயே மாட்டிக்கொள்ளும். பாதி நேரம் அங்கே போவதற்குள் போர்டே ரீசெட் ஆகிவிடும். எம்ஜி996ஆர் சர்வோ முட்டி நின்றால் ஒன்றே 2.5 ஆம்பியர் இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டர் எப்படித் தாங்கும்?

பிள்ளைகள் உழைக்காமல் இல்லை. பூச்சியின் உருவத்தைப் பார்த்தோம், பூச்சியைப் பார்க்கவில்லை. அதுதான் கோளாறு.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ராபர்ட் ஃபுல் குழுவினர் கரப்பானைக் கரடுமுரடான தளத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தன் இடுப்பு உயரத்தைப் போல மூன்று மடங்கு மேடுபள்ளத்திலும் அது பெரிதாக வேகம் குறையவில்லை. அடிக்கு அடி மூளை கணக்குப் போடுவதில்லை. காலே ஸ்பிரிங்காக இருந்து தடுமாற்றத்தை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் ஆர்ஹெக்ஸ் ரோபோ. காலுக்கு ஒரே மோட்டார், வளையும் கால், அவ்வளவுதான். பார்வைக்குக் கரப்பான் மாதிரியே இருக்காது, ஓட்டம் மட்டும் அதன் ஓட்டம்.

இதை இங்கேயே செய்யலாம். 110 மி.மீ. பிவிசி பைப்பில் 20 மி.மீ. அகலத்துக்கு வளையம் அறுத்து இரண்டாக வெட்டினால் இரண்டு கால். ஒரு முனை மோட்டார் தண்டில், வெளிவளைவில் பழைய சைக்கிள் ட்யூப். எந்த நேரமும் மூன்று கால்தான் பாரம் தாங்கும். எனவே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கால்மேல் வைத்துப் பாருங்கள். லேசாக அமுங்கி, எடுத்ததும் நிமிர வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அரத்தால் தேய்த்து மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் வண்டி துள்ளும். இடது முன், இடது பின், வலது நடு ஒரு கட்டு. மற்ற மூன்றும் எதிர்க் கட்டு. தரையில் இருக்கும்போது கால் மெதுவாகவும், காற்றில் இருக்கும்போது வேகமாகவும் சுற்ற வேண்டும். தண்டு எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் என்கோடர் இல்லாத மோட்டார் வாங்கிக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். சில அடிகளிலேயே கட்டு கலைந்து வயிறு தரையில் இடிக்கும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டு 2 வோல்ட்டை அதுவே தின்றுவிடும், 11.1 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குப் போவது 9தான். கால் நழுவுகிறதா? புரோகிராமைத் திட்டும் முன் தண்டின் ஸ்குரூவைப் பாருங்கள்.

பூச்சியிடம் வாங்குவதோடு முடிந்துவிடவில்லை, திருப்பியும் கொடுக்கலாம்: ரோபோவை வைத்துப் பூச்சியையே புரிந்துகொள்ளலாம். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் அதுதான்.

ஏற்காட்டில் இருட்டினால் சுவர்க்கோழிச் சத்தம் காதை அடைக்கும். அத்தனை ஆண்களின் கத்தலில் பெண் பூச்சி தன் இனத்தானின் குரலைப் பிரித்தறிந்து, அப்புறம்தான் திசை தேடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1990-களில் பார்பரா வெப் என்ற ஆராய்ச்சியாளர் அதை ரோபோவாகக் கட்டிச் சோதித்தார். தனியாகப் பிரித்தறியும் பகுதியே தேவைப்படவில்லை. சுவர்க்கோழியின் காது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே. இரு காதையும் உள்ளே ஒரு மூச்சுக்குழல் இணைக்கிறது. வெளியிலிருந்தும் குழல் வழியாகவும் வரும் ஒலி செவிப்பறையில் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பில்தான் திசை தெரிகிறது. குழலின் நீளத்துக்குப் பொருந்தாத சுருதிக்குத் திசை சரியாக விழாது. எந்தப் பக்க நரம்பு முந்துகிறதோ அந்தப் பக்கம் திரும்பு, அவ்வளவே கட்டளை. இப்படியும் நடக்கலாம் என்பதை ஓடிக் காட்டியது இயந்திரம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: சுவர்க்கோழியின் சுருதி 4.8 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒலியின் அலைநீளம் 7 செ.மீ. சொச்சம். இரண்டு மைக்குக்கும் இடையே அதில் கால் பங்கு, 18 மி.மீ. ஒரு மைக்கின் சிக்னலை 52 மைக்ரோவினாடி தாமதித்து மற்றதிலிருந்து கழிக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவில் ஒரு தடவை படிக்கவே 100 மைக்ரோவினாடி ஆகும், அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். வேகமான போர்டு எடுங்கள்.

இனத்துக்கு இனம் சுருதி மாறும். குளிரில் கத்தலின் வேகம் குறையும், கேட்கும் பெண் விரும்பும் வேகமும் கூடவே குறையும்; உங்கள் ரோபோவுக்கு அது தெரியாது. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் சரிசெய்து மலைக்கு எடுத்துப் போனால் திருதிருவென்று நிற்கும். ஆகவே முதலில் போனை எடுத்துக்கொண்டு ராத்திரி மேலே போங்கள், வெப்பநிலையைக் குறித்துப் பதிவுசெய்யுங்கள், சுருதியைப் பாருங்கள். மைக் இடைவெளியை அப்புறம் முடிவு செய்யலாம்.