டிஜிட்டல் வந்தாலும் பயிற்சி குறையக் கூடாது
டிஜிட்டல் கருவிகளால் ரேடியோகிராபர் (எக்ஸ்ரே படம் எடுப்பவர்) பயிற்சி எளிதாகிவிட்டது என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. ஃபிலிமில் டோஸ் (கதிர் அளவு) கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கூடினால் படம் இன்னும் தெளிவாக வரும்; குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் மாணவர்கள் எம்.ஏ.எஸ்.ஸை (கதிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஏற்றி வைத்தே பழகுகிறார்கள், சுமப்பது நோயாளி. ஒவ்வொரு படத்துக்கும் டீவியேஷன் இண்டெக்ஸை (கதிர் அளவு இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) எழுதவையுங்கள்: 0 என்றால் இலக்கு அளவு, +3 என்றால் அதைப்போல் இரு மடங்கு.

மார்புப் படத்தில் எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் பலகைக்கும் இடையே 180 செ.மீ. தூரம் என்பது எளிதில் மனதில் நிற்கும். தவறுவது தோள்களை முன்னே உருட்டுவதில். இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல்மேல் விழும். ரிப்பீட் (மறுபடம்) எடுக்கும் முன் காரணத்தை மாணவரே சொல்ல வேண்டும். இன்னொன்று: எடுத்தபின் திரையில் ஓரங்களை வெட்டுவது கோலிமேஷன் (எடுக்கும் முன்பே கதிரைத் தேவையான இடத்துக்குள் சுருக்குவது) அல்ல, கதிர் ஏற்கெனவே உடலில் பட்டுவிட்டது.