மண் தட்டில் படுத்திருப்பது பத்திரம் ஆகாது

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றிவரும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஃபாஸ்டர் வீட்டில், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்பவரிடம், மூன்று வாரமாக இருக்கும் சாம்பல் நிறப் பூனை, இரண்டடிக் கூண்டுக்குள், மலம் கழிக்க வைத்த தன் மண் தட்டிலேயே சுருண்டு கிடக்கிறது, கீழே "பத்திரமாக இருக்கிறாள்" என்று ஒரு வரி. எந்தப் பூனையும் மலம் கழிக்கும் இடத்தில் விரும்பிப் படுக்காது. பெரும்பாலும் ஒளிய வேறு இடமே இல்லாதபோதுதான், தட்டின் விளிம்புக்குள்ளாவது உடம்பை மறைக்கப் பார்க்கும். இதைப் பத்திரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

"கூண்டில் வைக்காவிட்டால் தொற்று பரவுமே" என்கிறார்கள் கூண்டை ஆதரிப்பவர்கள். புதிதாக வரும் பூனையை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. அறையில் வையுங்கள், கூண்டில் வேண்டாம் என்கிறேன். குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் நம் கைகளிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும். கம்பி அதைத் தடுக்காது. சாத்திய கதவும், அந்த அறைக்கென்று தனித் தட்டும், ப்ளீச் போட்டுத் துடைப்பதும், தடுப்பூசியும்தான் தடுக்கும். அடைபட்ட பயமோ, உடலுக்குள் உறங்கும் ஹெர்பிஸ் கிருமியை எழுப்பிவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியச் செய்யும். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன.

கால் முறிந்த பூனையை மருத்துவர் சொன்னால் கூண்டில்தான் வைக்க வேண்டும். அதில் வாதமில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் மீட்ட பூனை ஒருத்தி, வேறொரு வீட்டில் கம்பியை முட்டி முட்டி மூக்குத்தோல் உரிந்த நிலையில்தான் என்னிடம் வந்தாள். பதினொரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, சாப்பாட்டுத் தட்டிலிருந்த சங்கரா மீனை அவள் மெல்லும் சத்தம் கேட்டது. விடிந்தபோது என் காலடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தனி அறை இருக்கிறது, பேசுகிறீர்கள்" என்று எழுதியவருக்கு: எங்கள் வாடகை வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறைதான். அந்தப் பதினொரு இரவும் என் கணவர் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காமல் செய்கிறேன். என்னை வசதியுள்ளவள் என்பது வலிக்கிறது. நடமாட வழியில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதை 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே குற்றம் என்கிறது. நான் சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்டவில்லை, கெஞ்சுகிறேன்.

அந்தச் சாம்பல் நிறத்தாளை என்னிடம் தரச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. கட்டிலடியில் அட்டைப்பெட்டிக்குள் என் பழைய பருத்திச் சேலையை விரித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கே வந்து அழைத்துப் போகிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.