காலேஜ் பசங்க மட்டும்தானா?
"ஆசிய சீரியல்ல கே ஜோடி (ஆணும் ஆணும் காதலிக்கிறது)ன்னாலே காலேஜ் பசங்க ஃபேன்டசிதான், நிஜ வாழ்க்கையே கிடையாது"ன்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்காரு, அது தப்புங்க. 2019ல ஜப்பான்ல டிவி டோக்கியோ சேனல்ல வந்த 'கினோ நானி தபேதா?' சீரியலைப் பாருங்க, நாப்பது வயசு தாண்டின வக்கீல் ஷிரோவும் சலூன்ல வேலை பாக்குற கென்ஜியும் ஜோடியா ஒரே வீட்ல இருக்காங்க, ஷிரோ சூப்பர்மார்க்கெட்ல விலை பாத்து பாத்து வாங்குவாரு, தர்பூசணி விலை ஜாஸ்தின்னு முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாகூட பாதிப்பாதி பங்கு போட்டுக்குவாரு (கஞ்சன்னா அப்படி ஒரு கஞ்சன்!). ஆனா கென்ஜி கடைக்கு வர்ற கஸ்டமர்கிட்ட தன்னைப் பத்தி சொல்லிட்டாருன்னு தெரிஞ்சதும் ஷிரோவுக்கு செம கோவம், ஏன்னா அவரு கேன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. இதுல என்னங்க ஃபேன்டசி? தாய்லாந்து சீரியல்ல காலேஜ் கதை நிறைய இருக்கு, அது வாஸ்தவம். அதுக்காக மொத்த ஆசியாவையும் அதுலயே சேத்துட்டா எப்படி? 'கினோ நானி தபேதா?'வுக்கு 2023ல ரெண்டாவது சீசனும் வந்துச்சு.